வாடகை இல்லாத வீடு

நன்றி சொல்லிக் கெட்டவர்கள் ஆக்லாந்தில் யோகராணிக்கு முன்னர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. பொய் சொல்லிக் கெட்டவர்கள் உண்டு. சீட்டுப் பிடித்துக் கெட்டவர்கள் உண்டு. வாயைக் கொடுத்துக் கெட்டவர்கள் தெருவுக்கு நாலு பேர். கோவில் மலரில் அரைப்பக்கம் எடுத்து, மகளின் படத்தையும் போட்டு, மனம் நிறைய நன்றி சொல்லி, அதனாலேயே ஒரு கூடைப்பந்து அணியைக் கவிழ்த்த பெருமை அவள் ஒருத்திக்கே உரியது.

கோவில் மலர் என்பது வருடாந்தத் திருவிழாவுக்கு அச்சடிக்கிற புத்தகம். முன் அட்டையில் முருகன், பின் அட்டையில் வீடு விற்கும் தரகரின் சிரித்த முகம். உள்ளே வாழ்த்துகள், நினைவஞ்சலிகள், நன்றி நவிலல்கள். யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு நன்றியை வாயால் சொன்னால் மட்டும் செல்லாது, அச்சில் வரவேண்டும். செத்தவீட்டுக்கு மலர்வளையம் கொண்டுவந்தவருக்கும் அச்சில் நன்றி, கலியாணவீட்டில் இலை எடுத்தவருக்கும் அச்சில் நன்றி. யோகராணியின் நன்றி இப்படி இருந்தது:

‘எமது செல்வமகள் லோஜனாவை பெம்பர்டன் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் சேர்த்து, எமக்கு வாடகையின்றி இல்லமும் தந்துதவிய பயிற்றுநர் திரு. டேரன் அவர்களுக்கும், இல்ல உரிமையாளர் திரு. கிரெக் அவர்களுக்கும், எல்லாம் வல்ல முருகப்பெருமானுக்கும் எமது இதயம் கனிந்த நன்றிகள்.’

அச்சுக்குப் போகுமுன் அவளுடைய கணவர் விநாயகமூர்த்தி ஒரேயொரு சந்தேகம் கேட்டார். முருகனை மூன்றாவதாகப் போடலாமா என்பதுதான் அது. உதவி செய்த ஒழுங்கில் போட்டிருப்பதாக அவள் சொன்னாள். அவருக்கும் அது நியாயமாகப் பட்டது. வேறு எந்தச் சொல்லிலும் இரண்டு பேருக்கும் சந்தேகம் வரவில்லை.

வந்திருக்க வேண்டும் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். மாடு போன பிறகு பட்டி அடைக்க எல்லாருக்கும் தெரியும்.

இங்கே காலேஜ் என்றால் பல்கலைக்கழகம் அல்ல, பதின்மூன்றாம் வகுப்பு வரையுள்ள பள்ளிக்கூடம். இரண்டு வருடத்துக்கு முன் லோஜனா மவுண்ட் வெல்லிங்டன் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அப்போதே ஐந்தடி பத்தங்குலம். தகப்பனுக்கும் தாய்க்கும் இல்லாத உயரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களுக்கு, பாலும் முட்டையும் என்று யோகராணி பதில் சொல்லி அலுத்திருந்தாள். ஒரு குளிர்காலப் போட்டியில் அந்தப் பெண் தனி ஆளாக முப்பத்தொரு புள்ளி எடுத்ததைப் பெம்பர்டன் காலேஜின் பயிற்சியாளர் டேரன் கண்டார். அடுத்த கிழமையே அவர்களுடைய இரண்டு அறை வீட்டுக்கு வந்தார். சுவரில் பூஞ்சணம் பிடித்திருந்த பக்கமாகவே கதிரையைப் போட்டு இருந்து, இந்தப் பிள்ளைக்கு அமெரிக்காவில் ஸ்காலர்ஷிப் கிடைக்கும் என்று சொன்னார். மூன்று தரம் வந்தார்.

பெம்பர்டனில் அதன் எல்லைக்குள் குடியிருக்கிற பிள்ளைகளுக்குத்தான் இடம். அந்த எல்லைக்குள் ஒரு வீட்டுக்கு வாடகை கொடுக்க விநாயகமூர்த்தி போர்க்லிப்ட் ஓட்டும் சம்பளம் போதாது, யோகராணி எல்லர்ஸ்லி அலுவலகக் கன்ரீனில் சான்ட்விச் வெட்டும் சம்பளத்தைச் சேர்த்தாலும் போதாது. அதற்கும் டேரன் வழி வைத்திருந்தார். கிரெக் என்றொருவர், கூரை போடும் கம்பனி நடத்துகிறவர், அந்தக் காலேஜில் படித்தவர், கூடைப்பந்துப் பைத்தியம். மவுண்ட் ஆல்பர்ட்டில் ரயில் நிலையத்துக்குக் கிட்ட அவருடைய பழைய மரவீடு ஒன்று சும்மா கிடந்தது. வீட்டைக் கவனமாகப் பார்த்துக்கொண்டால் போதும், வாடகை வேண்டாம் என்றார்.

லஞ்சம் என்றால் கொடுப்பவன் மேசைக்குக் கீழே கொடுக்க வேண்டும், வாங்குகிறவன் நாலு பக்கமும் பார்க்க வேண்டும். இங்கே கொடுத்தவர் நடு வாசலில் நின்று வீட்டுத் திறப்பை நீட்டினார். வாங்கியவள் அவருக்கு ஒரு பெட்டி பயத்தம் பணியாரம் கொடுத்தாள். அது லஞ்சம் என்று அவளுக்குத் தெரியாமல் போனதில் என்ன அதிசயம்?

ஆனால் விதி இருந்தது. விளையாடுகிற பிள்ளையை இழுப்பதற்காக எந்தக் காலேஜும் குடும்பத்துக்குக் காசோ வீடோ வேலையோ கொடுக்கக்கூடாது. கொடுத்தது நிரூபணமானால், நகரப் போட்டிகளில் எத்தனை ஆட்டம் வென்றிருந்தாலும் அந்த அணி தேசியச் சுற்றுக்குப் போக முடியாது. யாரோ ஒரு புண்ணியவான் அந்த அரைப்பக்கத்தைப் படம் எடுத்து, ஆங்கிலத்தில் பெயர்த்து, கல்லூரிகளுக்கிடையே போட்டி நடத்துகிற விளையாட்டுக் குழுவுக்கு அனுப்பிவிட்டான். மொழிபெயர்ப்பு நல்ல மொழிபெயர்ப்பாம். முருகப்பெருமானைக்கூட விட்டுவிடவில்லை.

கடிதம் ஆகஸ்ட் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் வந்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எல்லர்ஸ்லியில் விசாரணை. பெற்றோர் வரவேண்டும், பிள்ளையும் வரவேண்டும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். தேசியச் சுற்றுக்கு ஐந்து கிழமைதான் இருந்தது. லோஜனாவைப் பார்ப்பதற்கென்றே அமெரிக்காவில் இருந்து இரண்டு பேர் வருவதாக இருந்தது.

அன்றிலிருந்து யோகராணிக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. கழுவிய அரிசியைத் திரும்பக் கழுவினாள். ஒவ்வொரு ரயில் போகும்போதும் யன்னலுக்கு எழுந்து போனாள். மழை விட்டு வெயில் எறித்தால் உடுப்புகளை வெளியே கொண்டுபோய்க் காயவிட்டாள், பத்து நிமிடத்தில் மழை வர ஓடிப்போய் அள்ளினாள், திரும்ப வெயில் வரத் திரும்பக் கொண்டுபோனாள். ஆக்லாந்தின் ஆகஸ்ட் மாதத்துக்கும் அவளுக்கும் அந்தக் கிழமை நல்ல பொருத்தம். கன்ரீனில் சான்ட்விச்சைக் கோணலாக வெட்டியதற்கு மேற்பார்வைக்காரி என்ன ராணி சுகமில்லையா என்று கேட்டாள். சுகம்தான் என்று சொல்லிவிட்டு அடுத்ததையும் கோணலாகவே வெட்டினாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ராம்பிரசாத் வந்தார். கணினிக் கம்பனியில் வேலை, கோயம்புத்தூர்க்காரர், அணிக்கு மேனேஜராகத் தொண்டு செய்கிறவர். அவருடைய மகள் ஸ்ருதியும் அதே அணியில் விளையாடுகிறாள். நாலு வருடம் பெஞ்சில் இருந்து தண்ணீர்ப் போத்தல் நீட்டிய பிள்ளைக்கு இந்த வருடம்தான் இடம் கிடைத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இதுவே கடைசி வருடமும். கூடவே மனைவி அபர்ணா ஒரு டப்பாவில் பருப்புப் பொடியும் கொண்டு வந்திருந்தாள். அவர்கள் சைவம். யோகராணி அப்போதுதான் கணவாய்க் கறியை இறக்கியிருந்தாள். மரவீட்டில் மணம் எங்கே போகும்? யன்னல் எல்லாவற்றையும் திறந்து, குளிரில் எல்லாரையும் நடுங்க வைத்து, தேத்தண்ணி கொடுத்தாள்.

ராம்பிரசாத் பையில் இருந்து ஒரு தாளை எடுத்தார். வாடகை ஒப்பந்தம். கிரெக் ஏற்கனவே கையெழுத்து வைத்திருந்தார். தேதி போன வருடம் பெப்ரவரி. கிழமைக்கு இவ்வளவு என்று ஒரு தொகையும் இருந்தது. விநாயகமூர்த்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தரம் வாசித்தார்.

"ரொக்கமாக் கொடுத்துட்டு வந்தோம்னு சொல்லிருங்கண்ணா. அதுக்கு ரசீது கேக்க மாட்டாங்க. கிரெக்கும் அதையேதான் சொல்வார்."

"அப்ப மலரிலை போட்டது?" என்று யோகராணி கேட்டாள்.

"அதுவா... தமிழ்ல ஒரு மரியாதைக்கு அப்படித்தான் எழுதுவோம்னு சொல்லிருங்கக்கா. கொஞ்சம் மிகைப்படுத்தி எழுதுறது நம்ம வழக்கம்னு. வெள்ளைக்காரங்களுக்கு என்ன தெரியப் போகுது?"

"நான் சொன்ன நன்றி பொய்யெண்டு சொல்லச் சொல்லுறீங்களோ தம்பி?"

ராம்பிரசாத் கெட்ட மனிதர் இல்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, டேரனுக்கு வேலை போய்விடும் என்றார், அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். பன்னிரண்டு பெண்கள் இந்த ஒரு சுற்றுக்காகக் குளிரிலும் மழையிலும் ஓடியதைச் சொன்னார். அபர்ணாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய பெரிய வக்கீல்கள் கட்டுகிற முடிச்சை அவர் கடைசியில் ஒரே வசனத்தில் கட்டிவிட்டுப் போனார்.

"அந்த மனுஷனுக்கு நீங்க நன்றி காட்டணும்னா இது ஒண்ணுதான் வழிக்கா."

அவர்கள் போன பிறகு விநாயகமூர்த்தி கையெழுத்து வைத்தார். முதுகு வலியால் அவருக்கு வேலை கிழமைக்கு நாலு நாளாகக் குறைந்திருந்தது. இந்த வீட்டை விட்டால் திரும்பப் பூஞ்சணச் சுவருக்குத்தான் போகவேண்டும், அங்கே போனால் அவருக்கு மூச்சு இழுப்பும் திரும்ப வரும். அவரைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. யோகராணிக்காக இருந்த கோடு வெறுமையாகவே கிடந்தது. நாளைக்கு வைக்கிறன் என்றாள். புதன்கிழமையும் அப்படியே சொன்னாள்.

வாங்கிய உதவியை வாங்கவில்லை என்று சொல்வது எப்படி நன்றியாகும்? சொல்லாவிட்டால் உதவியவனையே காட்டிக்கொடுத்ததாகும். பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸில் போகும்போதும் இதையே உருட்டிக்கொண்டிருந்தாள். செய்நன்றி கொன்றவருக்கு உய்வில்லை என்று படித்த குறளில், நன்றி சொன்னபடியால் சிக்கிக்கொண்டவளுக்கு ஒரு வழியும் சொல்லியிருக்கவில்லை. கோவில் சனம் போனில் ஆளுக்கொரு ஆலோசனை சொன்னது. போகாதே என்றது ஒன்று, நெஞ்சு வலியென்று ஆஸ்பத்திரியில் போய்ப் படு என்றது இன்னொன்று. மலரைத் தயாரித்த குழுவைச் சேர்ந்த குமாரசாமி மட்டும், அடுத்த வருடம் நன்றி நவிலல்களை வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் போடுவோம் என்று பகிடி விட்டார். அவள் போனை வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை விடியப்புறம் ஐந்து மணி. வெளியே மழை கூரைத் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. யோகராணி எழும்பி வர, குசினிக் கதிரையில் லோஜனா இருந்து முழங்காலுக்கு நாடா சுற்றிக்கொண்டிருந்தாள். முழங்கால் வீங்கியிருந்தது. இந்த நாடாவைத் தாய் பல மாதமாகக் கண்டிருக்கிறாள். விளையாடுகிற பிள்ளைகள் எல்லாம் கட்டுவார்கள், பெருமைக்குக் கட்டுவார்கள் என்று நினைத்திருந்தாள். வெளிச்சத்தில் அந்த வீக்கத்தை இப்போதுதான் சரியாகப் பார்த்தாள்.

"இண்டைக்கு ஒரு நாள் விடன் பிள்ளை. மழையும் கொட்டுது, காலும் வீங்கிக் கிடக்கு."

லோஜனா தலையை நிமிர்த்தவில்லை. ஏலாது என்றாள்.

"ஏன் ஏலாது? நாளைக்கு என்ன நடக்குமெண்டே தெரியாது. டேரன் ஒண்டும் சொல்லமாட்டார். அவர் நல்ல மனிசன்."

அப்போதுதான் அந்தப் பிள்ளை சிரித்தது. நல்ல சிரிப்பு இல்லை. இங்கே பிறந்த பிள்ளைகளைப் போல லோஜனாவும் தமிழைக் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள். அவள் பேசப் பேச யோகராணிக்குப் பாதி விளங்கும், பாதியை முகத்தைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். அன்றைக்கு ஒரு சொல்லும் தப்பவில்லை. சேர்ந்த முதல் கிழமையே டேரன் அவளை ஜிம்முக்கு வெளியே கூப்பிட்டு, தோளில் கை போட்டு, மிகவும் அன்பாகச் சொன்னாராம். நீ விளையாடும் வரைக்கும் அந்த வீடு உங்களுடையது, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இதைச் சொல்லி அவர்களைக் கவலைப்படுத்தாதே என்று. அப்போது அவளுக்குப் பதினைந்து முடிந்து நாலு மாதம். அதற்குப் பிறகு அவள் ஒரு பயிற்சியும் விடவில்லை. காய்ச்சலோடு போனாள். பள்ளிச் சோதனை நாளன்றும் போனாள். முழங்காலை டொக்டரிடம் காட்டினால் மூன்று மாதம் ஆடாதே என்று சொல்லிவிடுவார் என்பதால் காட்டவில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் பந்து வளையத்தில் பட்டு வெளியே போனால், அப்பாவின் இழுப்புத்தான் அவளுக்கு ஞாபகம் வந்ததாம்.

"ஐ பே த ரென்ட், அம்மா," என்றாள். "எவ்ரி மோர்னிங்."

யோகராணி குசினி மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றரை வருடமாக மூன்று பேரும் இருந்து சாப்பிட்ட மேசை அது. மகள் விடிய ஐந்து மணிக்கு ஓடுவதைக் கோவிலில் எத்தனை பேருக்குப் பெருமையாகச் சொல்லியிருப்பாள்! பிள்ளை உழைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், அவள் அதை விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டியிருக்கிறாள். அந்த வெட்கத்தைப் போல ஒரு வெட்கம் அவளுக்கு அதற்கு முன் வந்ததில்லை.

"உனக்கு விளையாட விருப்பமில்லையோ?"

லோஜனா கொஞ்சம் யோசித்தாள். முந்தி விருப்பம், இப்போது தெரியாது என்றாள். பிறகு மற்றச் சப்பாத்தையும் மாட்டிக்கொண்டு, தாயின் பக்கம் திரும்பாமலே, அந்தத் தாளில் கையெழுத்து வைக்கச் சொன்னாள். ஸ்ருதிக்கு இது கடைசி வருடம், அவள் ஒரு பிழையும் செய்யவில்லை என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு மழைக்குள் போய்விட்டாள்.

முடிவை முதலே சொல்லிவிடுவதில் நட்டமில்லை, அது ஊருக்கே தெரியும். பெம்பர்டன் அணிக்கு அந்த வருடமும் அடுத்த வருடமும் தேசியச் சுற்றுக்குத் தடை. டேரனைக் காலேஜ் விலக்கியது. கிரெக் வீட்டைத் திருப்பிக் கேட்டார். மூன்று கிழமைக்குள் இவர்கள் மவுண்ட் வெல்லிங்டனில் இன்னொரு இரண்டு அறை வீட்டுக்கு, ஏறக்குறைய அதே பூஞ்சணத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அமெரிக்காவில் இருந்து வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. ஸ்ருதி தேசியச் சுற்று ஆடாமலே பள்ளிக்கூடத்தை முடித்தாள். கோவிலில் அபர்ணா இன்றைக்கும் யோகராணியைக் கண்டால் மற்ற வாசலால் போகிறாள். அதில் யோகராணிக்குக் கோபம் இல்லை. தானும் அப்படித்தான் போயிருப்பேன் என்று சொல்வாள். அந்த அறைக்குள் என்ன நடந்தது என்பதுதான் ஊருக்குச் சரியாகத் தெரியாது.

அலுவலகக் கட்டடம் ஒன்றின் நாலாம் மாடி. மேசைக்கு அந்தப் பக்கம் குழுவினர் மூன்று பேர், நடுவில் நரைத்த தலையோடு ஒரு பெண். மேசையில் ஒரு தட்டு நிறைய முட்டை சான்ட்விச் வைத்திருந்தார்கள். கோணலான வெட்டைப் பார்த்ததும் யோகராணிக்குத் தெரிந்துவிட்டது, தன்னுடைய கன்ரீனில் இருந்து வந்தது, முதல்நாள் தானே வெட்டியது. இந்த நேரத்திலும் அவளுக்கு அது கூச்சமாக இருந்தது. இந்தப் பக்கம் விநாயகமூர்த்தி, கோட்டின் உள்பையில் அந்தத் தாள். மனைவி அறைக்குள் வைத்துக் கையெழுத்துப் போடுவாள் என்று அவர் பேனாவும் கொண்டு வந்திருந்தார். கதிரை வரிசையின் கடைசியில் லோஜனா, பள்ளிச் சீருடையில், காலை நீட்டியபடி. மொழிபெயர்ப்பாளர் பாக்யலட்சுமி என்ற மலேசியாக்காரப் பெண், இவர்களுக்கு முன்பின் தெரியாதவர்.

டேரனையும் கிரெக்கையும் முதல்நாளே விசாரித்துவிட்டார்கள். வாடகை ஒழுங்காக வந்தது, ஒப்பந்தம் பெற்றோரிடம் இருக்கிறது என்று இருவரும் சொல்லியிருந்தார்கள். இனித் தாயின் பதில் ஒன்றுதான் பாக்கி. நரைத்த பெண் கடுமையாக ஒன்றும் கேட்கவில்லை. மலரின் அந்தப் பக்கத்தை மேசையில் வைத்து, சுற்றி வளைக்காமல் ஒரே கேள்வி கேட்டார்.

"அந்த வீட்டுக்கு வாடகை யாரு கட்டினதுன்னு கேக்கிறாங்கம்மா," என்றார் பாக்யலட்சுமி.

விநாயகமூர்த்தியின் கை உள்பைக்குப் போனது. யோகராணி அதைப் பார்த்தாள். லோஜனாவையும் பார்த்தாள். அவள் தலையை மெல்ல ஆட்டினாள், சொல்லிவிடு, வாடகை கட்டினோம் என்று சொல்லிவிடு என்பது போல. பதினாறு வயதுப் பிள்ளை அங்கேயும் வீட்டைத் தாங்கிக்கொண்டுதான் இருந்தது. அதைக் கண்ட கணத்தில் யோகராணிக்கு நாலு நாளாக உருட்டியது எல்லாம் விட்டுப்போயிற்று.

"என்ர மகள் கட்டினவள்," என்றாள்.

பாக்யலட்சுமி எழுதுவதை நிறுத்திவிட்டு, சரியாகக் கேட்டேனா என்பது போலப் பார்த்தார்.

"ஓம். நாங்கள் ஒரு சதமும் குடுக்கேல்லை. அந்த ஒப்பந்தக் கடுதாசி போன செவ்வாய்க்கிழமை எழுதினது. வாடகை கட்டினது அவள். விடிய அஞ்சு மணிக்கு எழும்பி, காய்ச்சலோடையும், வீங்கின காலோடையும் கட்டினவள். விளையாடாட்டி வீடு போயிடுமெண்டு அவளுக்குச் சொல்லி வைச்சிருக்கினம். எனக்கு நேற்றுத்தான் தெரியும். இனி அவள் கட்டவேண்டாம்."

விநாயகமூர்த்தியின் கை உள்பையிலிருந்து வெறுமையாக வெளியே வந்தது. அவர் மகளின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் அதுவரை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

யோகராணி கையை நீட்டி மேசையில் கிடந்த மலரைத் தன் பக்கம் இழுத்தாள். மகளின் படத்துக்குக் கீழே இருந்த எழுத்துகளை விரலால் ஒருமுறை தடவினாள்.

"இவ்வளவு பேருக்கு நன்றி போட்டனான். அவளுக்குப் போடேல்லை."

யோகராணி முன்னர் சொன்னதை எல்லாம் பாக்யலட்சுமி ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, யோகராணியின் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கடைசியாச் சொன்னதையும் சொல்லணுமாம்மா? அது கேள்விக்குப் பதில் இல்லையே."

"அதைத்தான் சொல்லவேணும்," என்றாள் யோகராணி.

பாக்யலட்சுமி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூவரையும் விட்டுவிட்டு, லோஜனாவைப் பார்த்து அதைச் சொன்னார்.